கண்டி மலையும் கருநிறப் பூஞ்சணமும்

கண்டி மாநகரில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஈரம் வீட்டினுள்ளும் குடிபுகுந்துவிடும். ஹந்தானை மலையை முகில் மூடியிருக்கும் நாட்களில் சுண்ணாம்பு பூசிய சுவரிற் கருநிறப் புள்ளிகள் தோன்றும். பெட்டியில் வைத்த தோற்செருப்பின்மேற் பூஞ்சணம் படரும். அலுமாரியிலுள்ள புத்தகத்தின் அட்டையும் அதற்குத் தப்பாது. வீட்டுப் பெண்கள் ஈரத்துணியால் அதனைத் துடைத்துவிட்டுத் தம் வேலையைக் கவனிப்பர். மறுவாரம் அது மீண்டும் வந்து நிற்கும். துணியாற் துடைத்தெறியப்படும் இவ்வற்பப் பொருளின் குலத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அக்குலத்தைச் சேர்ந்த ஒன்று கண்டிச் சீமையின் செல்வம் முழுவதையும் ஒருமுறை அழித்தது. வேறு சில, மனிதனுடைய காலிலும் கையிலும், மிக அரிதாக மூளையிலும், புகுந்து வாழ வல்லன.

பள்ளிப் பாடநூல்கள் பங்கசு என்று கூறும் பூஞ்சணங்களுட் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கு செய்வனவல்ல. உதிர்ந்த இலையையும் உளுத்த மரத்தையும் மீண்டும் மண்ணாக்கும் பணியை அவையே செய்கின்றன. அவற்றுள் ஒரு வகுப்பு கருமை அல்லது கருங்கபிலம் கொண்டது. மனிதனுடைய தோலுக்கும் தலைமயிருக்கும் நிறந்தருகின்ற மெலனின் என்னும் பொருளே அவற்றின் சுவரிலும் அமைந்திருக்கின்றது. இந்நிறம் அவற்றுக்கு வெறும் அலங்காரமன்று, கவசம். வெயிலின் கடுமையைத் தாங்க அது உதவுகின்றது. உடலினுட் புகுந்துவிட்டால், எதிர்த்து வரும் வெண்குருதிக் கலங்களின் தாக்குதலினின்றும் காப்பாற்றுகின்றது. மண்ணிலும் முள்ளிலும் மரப்பட்டையிலும் வாழும் இவை தாமாக மனிதனைத் தேடி வருவதில்லை. முள் தைத்த புண், சிராய் கீறிய காயம் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் உள்ளே செல்கின்றன.

இலையில் விழுந்த பூஞ்சணம் ஒன்று, காலில் விழுந்த பூஞ்சணம் மற்றொன்று. கண்டி மலையின் சரித்திரத்தில் இவ்விரண்டும் பெற்ற கவனிப்பை ஒப்புநோக்கினால், எந்த நோயை உலகம் நோயென மதித்தது என்பது தெளிவாகும்.

இலையின் கதை பேராதனையிலிருந்து தொடங்குகின்றது. மகாவலி கங்கை வளைந்து செல்லும் இடத்தில் 1821ஆம் ஆண்டில் தாவரப் பூங்கா அமைக்கப்பட்டது. 1849ஆம் ஆண்டில் அதன் பொறுப்பை ஏற்ற துவைற்ஸ் என்னும் அறிஞர் மூன்று தசாப்தங்களுக்கு மேல் அங்கேயே பணிபுரிந்து, 1882ஆம் ஆண்டிற் கண்டியிலேயே காலமானார். மரம் செடிகளோடு நில்லாமல், காட்டிற் கண்ட காளான்களையும் பூஞ்சணங்களையும் அவர் நூற்றுக்கணக்கிற் சேகரித்து இங்கிலாந்திலிருந்த பார்க்லி என்னும் பாதிரியாருக்கு அனுப்பிவந்தார். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, அவ்வழிவுக்குக் காரணம் ஒரு பூஞ்சணமே என்று 1846ஆம் ஆண்டில் வாதிட்டவர் இந்தப் பார்க்லியே.

1869ஆம் ஆண்டில் துவைற்ஸ் அனுப்பிய ஒரு கோப்பி இலை அவர் கைக்குச் சேர்ந்தது. இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருந்தது. முன்னர் யாரும் பெயரிடாத அப்பூஞ்சணத்துக்கு ‘ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்’ என்று பார்க்லி பெயர் வைத்தார். பிற்பகுதிச் சொல்லுக்குப் ‘பாழாக்குவது’ என்பது பொருள். பெயர் பலித்துவிட்டது. 1878ஆம் ஆண்டளவில் இலங்கையில் 2,75,000 ஏக்கர் நிலத்திற் கோப்பி வளர்ந்தது. அதன் உள்ளம் கண்டி மலைநாடு. துருப்போன்ற அத்தூள் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் பரவி, இலைகளை உதிர்த்து, கிளைகளைப் பட்டுப்போகச் செய்தது. வெள்ளைத் துரைமார் அதன் இலத்தீன் பெயரைத் திரித்து, ‘பாழாக்கும் எமிலி’ என்று ஒரு பெண்ணின் பெயராக வழங்கினராம். நகையாட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. 1884ஆம் ஆண்டிற் கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது.

அழிவு வந்தவுடன் அறிவும் அழைக்கப்பட்டது. மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி 1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். இருபத்தைந்து வயதளவே ஆகியிருந்த அவர் ஈராண்டுகள் இங்கே தங்கினார். மண் களைத்துவிட்டது, மழை மிகுந்துவிட்டது என்று பலரும் காரணம் கூறிக்கொண்டிருந்த காலம் அது. வார்ட் பசைதடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்துக் காற்றில் மிதந்துவரும் வித்திகளைப் பிடித்தார். நுணுக்குக்காட்டியில் அவற்றை எண்ணினார். வித்தி இலையில் விழுந்து முளைத்து உட்புகும் முறையைப் படிப்படியாகக் காட்டினார். மலைமுழுதும் ஒரே பயிரை நெருக்கி நட்டதே நோய் பரவுதற்கு வழிவகுத்தது என்பதையும் எடுத்துரைத்தார். இலைகளின்மேற் கரி தடவினாற்போற் படரும் ‘மெலியோலா’ என்னும் கருநிறப் பூஞ்சணத்தைப்பற்றியும் அவர் ஆராய்ந்து 1883ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரிடம் மருந்தை எதிர்பார்த்த தோட்டத்துரைமார் ஏமாற்றமடைந்தனர். ஆயினும் பயிர்நோய் விஞ்ஞானத்தின் தொடக்க நூல்களுள் அவருடைய அறிக்கைகள் இடம்பெற்றன. ஹேவாஹெட்டையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1905ஆம் ஆண்டு முதல் பேராதனையிற் பூஞ்சண ஆராய்ச்சிக்கென்றே பெச் என்னும் நிபுணர் அமர்ந்தார். 1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

இவ்வளவும் இலைக்காக நிகழ்ந்தவை. அவ்விலையைப் பறித்த கையும், அச்சரிவில் ஊன்றிய காலும் எவருடையவை?

மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த தமிழ்மக்களே அவற்றுக்குரியோர். தோணியில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளைவரை நடந்து, மலையேறி வந்தவர்கள் அவர்கள். வழியிற் பேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். வந்து சேர்ந்தவர்கள் காடு வெட்டினர், முட்புதரைப் பிடுங்கினர், வேரோடு மரத்தை அகற்றினர். எல்லாம் வெறுங்காலுடன். கருநிறப் பூஞ்சணத்துக்கு இதனினும் வாய்ப்பான வாசல் வேறு கிடையாது.

அவர்கள் விட்டுவந்த ஊர்களுள் ஒன்றின் பெயராலேயே அத்தகைய நோய் ஒன்று உலகெங்கும் வழங்குவது வியப்புக்குரியது. 1842ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த கில் என்னும் ஆங்கில வைத்தியர், பாதம் வீங்கி, பல துளைகள் விழுந்து, அவற்றின் வழியே மணிமணியாக ஏதோ வெளிப்படும் ஒரு வியாதியைக் குறித்து எழுதினார். 1846ஆம் ஆண்டிற் கோல்புரூக் என்பவர் அதற்கு ‘மதுரைப் பாதம்’ என்னும் பெயரை வழங்கினார். பம்பாயில் ஆசிரியராயிருந்த வந்தைக் கார்ட்டர் அதன் காரணம் பூஞ்சணமே என்று துணிந்து, 1860ஆம் ஆண்டில் ‘மைசெட்டோமா’ என்று பெயரிட்டு, 1874ஆம் ஆண்டில் ஒரு தனிநூலே வெளியிட்டார். வைத்திய மாணவர் அனைவரும் அறிந்த கிரேயின் உடற்கூற்று நூலுக்குச் சித்திரங்கள் வரைந்தவரும் இவரே. புண்ணிலிருந்து வெளிப்படும் மணிகள் சிலரிடத்து வெண்மையாகவும், சிலரிடத்து வெடிமருந்துப் பொடிபோற் கறுப்பாகவும் இருக்கும். கறுப்பு மணிகளை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு 1905ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அறிஞர் புரும்ப் ‘மதுரெல்லா’ என்னும் இனப்பெயரைச் சூட்டினார். தமிழகத்தின் பழம்பெருநகரொன்றின் பெயர் இவ்வாறு விஞ்ஞான ஏட்டிலேறியது, ஏழை உழவனுடைய பாதத்தின் வழியாக.

கறுத்த பூஞ்சணத்தின் மற்றொரு கோலத்தை இலங்கையிலேயே கண்டவர் இத்தாலிய வைத்தியர் கஸ்தெல்லானி. 1903ஆம் ஆண்டிற் கொழும்புக்கு வந்த அவர் பன்னிரண்டாண்டுகள் இங்கே பணியாற்றினார். யாஸ் என்னும் பறங்கிப்புண்ணின் கிருமியை 1905ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்தது யாவரும் அறிந்த செய்தி. அவ்வாண்டிலேயே தோலிற் படரும் பலவகைத் தேமல்களை ஆராய்ந்து, அவற்றுட் கறுப்பு நிறமுடையதொன்றைத் தனியே வருணித்தார். உள்ளங்கையில் மை சிந்தினாற்போலத் தோன்றும் இக்கருந்தேமல் தோலின் மேற்படையோடு நின்றுவிடும், வலியுமில்லை, ஆபத்துமில்லை.

ஆபத்துள்ள இனம் வேறு. முள் தைத்த இடத்திற் சிறு பரு ஒன்று தோன்றும். வலிக்காது. மாதங்கள் செல்லச் செல்ல அது பாலுண்ணிபோலத் தடிக்கும். ஆண்டுகள் செல்லப் பூக்கோவாவைப்போற் பரந்து, காலையே பாரமாக்கிவிடும். ‘யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்’ என்பது பழமொழி. இந்நோய் வீட்டைப்போல் அசையாமலே தின்பது. 1911ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டின் சான் பவுலோ நகரிற் பெத்ரோசோ என்பவர் இதனைக் கண்டார். 1914ஆம் ஆண்டில் ருடோல்ப் என்பவரும், 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியர்களும் இதனைப்பற்றி எழுதினர். 1922ஆம் ஆண்டிற் குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ் என்னும் நீண்ட பெயர் இதற்கு வாய்த்தது. பிரேசிலும் மடகாஸ்கர்த் தீவும் இதற்குப் பேர்போனவை. அங்கும் இதற்கு இலக்காவோர் பெரும்பாலும் உழவரும் விறகுவெட்டிகளுமே.

இலங்கையிலும் இந்நோய் உண்டு. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துப் பங்கசு நிபுணர் ஆட்டபத்து, இந்நாட்டு நோயாளர் 71 பேரைப்பற்றிய ஆராய்ச்சியை 1997ஆம் ஆண்டில் வெளியிட்டார். பார்க்லி கோப்பி இலையின் பூஞ்சணத்துக்குப் பெயரிட்ட நாளுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் இடையிலுள்ள காலம் 128 ஆண்டுகள்.

இவ்விடைவெளிக்குக் காரணம் ஆட்சியாளரின் கொடுமை ஒன்றே என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தை அரசாங்கம் அறவே மறந்துவிடவில்லை. 1872ஆம் ஆண்டில் அவர்களுடைய வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் அமெரிக்க ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் கொளுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். அப்புழுவும் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவதே. ஆனால் அது ஆயிரக்கணக்கானோரின் குருதியைக் குடித்து, அவர்களை வேலைக்கு வலுவற்றவராக்கியது. வாந்திபேதியும் அம்மையும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றித் தோட்டத்தையே வெறுமையாக்கின. ஆகவே அவை கணக்கில் ஏறின. கருநிறப் பூஞ்சணமோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று, உடனே கொல்வதன்று, ஊருக்கு ஒருவர் இருவரையே பற்றுவது. காலில் தடிப்புள்ள மனிதன் நொண்டியாவது வேலைக்கு வருவான். வர இயலாத நாளிற் பெயரேட்டிலிருந்து அவன் பெயர் நீங்கும். அவ்வளவில் அவன் நோயின் சரித்திரமும் முடிந்துவிடும். ஏற்றுமதியிற் குறைவு நேர்ந்தால் உடனே தெரியும்; ஒருவனுடைய நடையிற் குறைவு நேர்ந்தால் அவன் வீட்டாருக்கே தெரியும்.

சுதந்திரத்தின் பின்னர் கண்டிக்கு வேறொரு வாய்ப்பு வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1962ஆம் ஆண்டில் அங்கே வைத்திய பீடம் தொடங்கிற்று. துவைற்ஸ் பூஞ்சணம் சேகரித்த பூங்காவுக்கு அண்மையிலேயே மனித நோய்களை ஆராயும் ஆய்வுகூடமும் அமைந்தது. அங்கு நுண்ணுயிரியற் பேராசிரியராயிருந்த அரசகுலரத்தின, மூக்கினுட் செந்நிறத் தசை வளரும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். குளத்திலும் ஆற்றிலும் நீராடுவோரிடம் காணப்படும் அந்நோய் மாடு முதலிய விலங்குகளையும் பற்றும். அதன் கிருமி பூஞ்சணமென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1999ஆம் ஆண்டில் மரபணு ஆராய்ச்சி அதனை மீன்களைப் பற்றும் சில நுண்ணுயிர்களோடு சேர்த்து வேறு குலத்தில் வைத்தது. ஏழைகளுக்கு வரும் அரிய நோயையும் ஆயுட்கால ஆராய்ச்சிக்குரியதாக ஓர் அறிஞர் கொள்ளலாம் என்பதற்குப் பேராதனையே சான்று.

கருநிறப் பூஞ்சணம் விலங்குகளையும் விடுவதில்லை. பூனை, நாய், குதிரை, மாடு, மீன் ஆகியவற்றிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. மண்ணில் வாழும் ‘பன்தியானா’ என்னும் இனம் மனிதரின் மூளையிலும் பூனை நாய்களின் மூளையிலும் சீழ்க்கட்டியை உண்டாக்கும். இந்தியாவிலும் அத்தகைய நோயாளர் பலர் காணப்பட்டுள்ளனர், பிழைப்போர் குறைவு. இவ்வாறு உடலினுட் கருங்கபில இழைகளாக வளரும் நோய்கள் எல்லாவற்றையும் அடக்கி ஒரே பெயரால் வழங்கும் வழக்கம் 1974ஆம் ஆண்டில் ஏற்பட்டது. கொரோனாக் காலத்தில், 2021ஆம் ஆண்டில், இந்தியாவிற் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று பத்திரிகைகள் எழுதியது இதுவன்று. அந்நோயின் பூஞ்சணத்துக்கு இக்கருமை இல்லை. குருதியோட்டம் தடைப்பட்டு இறந்துபோன தசையே அங்குக் கறுத்துத் தோன்றியது.

2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது இங்கு நினைவுகூரத்தக்கது. முதுகுவலிக்கு ஏற்றும் ஊசிமருந்து தயாரிக்கப்பட்ட இடத்திலேயே மாசுற்று, அதில் ஒரு கருநிறப் பூஞ்சணம் கலந்துவிட்டது. 750 பேருக்கு மேல் நோயுற்றனர். 64 பேர் மாண்டனர். உடனே விசாரணையும் வழக்கும் சட்டமும் தொடர்ந்தன. தொடர்ந்தது நியாயமே. ஆனால் ஒரே நேரத்தில், ஒரே குப்பியால், நகரவாசிகளுக்கு வந்தபோது சில மாதங்களிற் கிடைத்த கவனம், ஒவ்வொருவராக, ஒவ்வொரு முள்ளால், மலைச்சரிவிலும் வயலிலும் நோயுற்றவர்களுக்குக் கிடைக்க நூற்றாண்டுக்கு மேலாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் மைசெட்டோமாவைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலிற் சேர்த்தது 2016ஆம் ஆண்டில். முள்ளால் வரும் மற்றக் கருநோயைச் சேர்த்தது 2017ஆம் ஆண்டில். ‘கவனிக்கப்படாத’ என்னும் அடைமொழியே ஒரு குற்ற ஒப்புதல் போன்றது.

இத்தனைக்கும் இந்நோயைத் தொடக்கத்தில் அறிவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. தடிப்பின் மேலே கரும்புள்ளியுள்ள இடத்தைச் சிறிது சுரண்டி, காரநீர் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியிற் பார்த்தாற் போதும். செப்புக் காசுகளைச் சேர்த்து வைத்தாற்போல வட்டமான கபிலக் கலங்கள் தெரியும். கோப்பி இலைக்காக வார்ட் கண்ணைப் பதித்ததும் இத்தகைய கருவியிலேதான். சிறிய பருவாக இருக்கும்போதே கண்டால் அறுத்தெடுத்து விடலாம். முற்றிய பின்போ மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், விலையுயர்ந்த மருந்தை விழுங்கவேண்டும். அப்பொழுதும் முற்றும் நீங்குமென்பது உறுதியன்று. மதுரைப் பாதம் எலும்பைத் தொட்டுவிட்டால் காலையே எடுக்க நேர்வதும் உண்டு.

ஆகவே இங்கே வேண்டுவது அரிய மருந்து மட்டுமன்று. காலத்தில் நோக்கும் கண்ணும் வேண்டும். முள் தைத்தால் உடனே எடுத்துச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், தோட்டத்திலும் வயலிலும் காலுக்குக் காப்பு அணிதலும் முதற் காவல். வழுக்கும் சரிவிற் செருப்பு ஒத்துவராதென்று வெறுங்காலோடு நிற்போர் இன்றும் உளர். அவர்களுக்கு ஏற்ற பாதுகை அளிப்பது தோட்டத்தை நடத்துவோரின் கடமை. வாரக்கணக்காக ஆறாமல், வலியுமில்லாமல், மெல்லத் தடித்துவரும் புண்ணை ‘வலிக்கவில்லையே’ என்று ஒதுக்காமல் வைத்தியசாலைக்குக் காட்டுவது இரண்டாம் காவல். வலியில்லாமை நலத்துக்கு அடையாளமன்று என்பதை இந்நோய் கற்பிக்கின்றது.

பேராதனைப் பூங்காவிற் துவைற்ஸ் சேகரித்தவை இன்றும் பெட்டிகளிற் பெயர்ச்சீட்டோடு பாதுகாக்கப்பட்டுள்ளன. எந்த இலை, எந்த மலை, எந்த ஆண்டு என்று அவற்றிற் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விலைகள் பறிக்கப்பட்ட சரிவுகளிலே முள்ளை மிதித்து நடந்தவருக்கு அத்தகைய சீட்டு எழுதப்படவில்லை. இனிமேலாயினும் மலைநாட்டு மருந்தகத்தில் ஒரு காலைக் காட்டி ஒருவர் உட்காரும்போது, அதனைக் கூர்ந்து நோக்கி, பெயரையும் ஊரையும் தொழிலையும் ஏட்டில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நிலைபெறுமாயின், இலைக்குக் கிடைத்த நீதியிற் பாதியாவது காலுக்கும் கிடைத்ததாகும்.